மத்தியானத்துக்கு ஒரு அலாரம்

இல்லங்க பாய், தப்பாச் சொல்லிருவனோன்னுதேன் பயமா இருக்கு. அஞ்சாப்போட நின்னவ நானு. இந்தச் சாமான் பேரெல்லாம் வாயில நொழைய மாட்டேங்குது. அதேன் ஒங்க ரிப்பேர்க் கடைக்கு நோட்டையும் கையோட கொண்டாந்தேன். எழுத்தெல்லாம் எம்மக எழுதுனது, பூமயிலு. பன்னெண்டாப்பு. பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்குன்னு இந்த அலாரத்தச் செஞ்சா.

பையப் பாத்துத் தெறங்க, மெல்ல... ந்தா, தும்மிட்டீக! மொளகா வத்தல் மூடைக்குள்ள வச்சிருந்தேன் பாய். பஸ்ஸுல பக்கத்துல உக்காந்த பொம்பளகூட முதுகுளத்தூர்லருந்து இங்கன வரைக்கும் தும்மிக்கிட்டேதேன் வந்தா. என்னத்தக் கட்டிக் கொண்டாறன்னு ஏசிட்டு எறங்குனா.

இந்தா, இதுதேன் லேசரு. விரல் நுனி அளவுதேன். செவப்பு வயரு பிளஸ், நீல வயரு மைனஸ், பேனா செல்லு ரெண்டு போதும், சதுர பேட்டரி போட்டா கருகிப் போயிரும். நோட்டுல அப்புடித்தேன் இருக்கு, எழுத்துக்கூட்டிப் படிச்சேன். இந்தப் பக்கம் லேசரு. அந்தப் பக்கம் இந்தா, சட்டைப் பொத்தான் மாதிரி, மேல வளஞ்சு வளஞ்சு கோடு போட்டிருக்குல்ல, அதுதேன் வெளிச்சம் விழுகுறதக் கண்டுக்கிறது. நடுவுல ஆளு போனா வெளிச்சம் மறையும், உடனே பீப்பி கத்தும்.

மங்கலா எரியுதா? வத்தத் தூளு அப்பியிருக்கும். தொடைங்க. பாய், பாய், கண்ணுக்கு நேராப் புடிக்காதீக! செவுத்துலதேன் அடிச்சுப் பாக்கணுமாம், அவ எனக்கு நூறு தடவ சொல்லியிருக்கா.

ஆங்... விழுந்துருச்சு. காலண்டர் மேல. வீட்டுல இந்தப் பொட்டப் புடிக்கப் பாஞ்சு பூனைக்குட்டி செவுத்துல முட்டும். அவ அப்புடிச் சிரிப்பா. சிரிச்சா அவளுக்குக் கண்ணுல தண்ணி வந்துரும்.

அவளயே கூட்டியாந்திருக்கலாமேங்கிறீகளா?

பதினாறாம் நாளு அவ சாமான எல்லாத்தயும் எரிச்சாக பாய். ஒன்னயும் வச்சுக்கக் கூடாதுன்னு கொழுந்தன் நின்னு பாத்தாரு. வத்தல் மூடைக்குள்ள யாரு கைய விடுவா? அதேன் அங்கன ஒளிச்சேன்.

இருக்கட்டும், நீங்க வேலயப் பாருங்க. வேற ஒன்னும் கெடலை, இந்தப் பொத்தானுல இருக்குற ஒத்த வயரு மட்டும் சேராமக் கெடக்கு. நுனியச் சீவி வச்சுட்டா. ஈயம் வச்சு ஒட்டக் கம்பியக் காயப் போட்டுக்கிட்டு இருந்தா. நாந்தேன், அத விடு, நாத்து வாடுது, போயி ஒரு கொடம் தண்ணி எடுத்துட்டு வான்னேன். ஒரே நிமிசம்மான்னா. நாந்தேன் கத்துனேன். எங்க தோட்டத்துக் கெணத்துக்குச் சுத்துச்சொவரு கெடையாது பாய்.

ஒங்க கம்பியும் காஞ்சிருச்சு போல, பொகையுது. ஒட்டிருங்க.

இன்னொன்னு கேக்கணும். இது மத்தியானத்துல வேல செய்யுமா? அவ அந்த வயரக் கையால முறுக்கி வச்சு, ரூம்புக் கதவச் சாத்தி இருட்டாக்கிட்டுதேன் பாத்தா. வெயிலுபட்டா இந்தப் பொத்தான் ஏமாந்துருமா? அப்புடியா... கருப்புப் பேனா மூடிய அறுத்து அதுக்குள்ள வைக்கணுமா? சரி, லேசரு மட்டும் நேராப் போயி விழுகும், வெயிலு பக்கவாட்டுல அண்டாது. ரெண்டு மூடி குடுங்க, ஒன்னு ஒடஞ்சாலும் ஒன்னு இருக்கும்.

பின்வாசல்லதேன் மாட்டணும். இடுப்பு உசரத்துல. தாழ வச்சா ஆடும் கோழியும் போகயில எல்லாம் கத்தும், பெறகு ஒருத்தரும் என்னன்னு எட்டிப் பாக்க மாட்டாக. வயரு மட்டும் நீளமா வேணும், இருவதடி. பீப்பி எங்க வீட்டுல கத்த வேணாம். பக்கத்து வீட்டு ராக்கு அக்கா அடுப்படியில கத்தணும். வீட்டுக்காரரு பாம்பன்ல கருவாட்டுச் சொமை தூக்கப் போனவரு, அங்கனயே இருந்துக்கிட்டாரு. அவரால வீட்டுக்குள்ள நிக்க முடியல. அக்காதேன் எனக்கு இருக்கு.

கள்ளனா? நல்லாக் கேட்டீக போங்க! எங்க வீட்டுல எடுக்க என்ன இருக்கு, அதுவும் பட்டப்பகல்ல?

நாந்தேன் பாய் அந்த வாசல்ல போறது. எல்லாரும் காட்டுக்குப் போயிருவாக, வீடு கப்புன்னு ஆயிரும். எங்காலு பாட்டுக்கு அந்தக் கெணத்துப் பக்கம் போயிருது. போறது எனக்கே தெரியாது. ரெண்டு தடவ ராக்கு அக்கா கண்டு இழுத்துட்டு வந்துச்சு. மூணாந் தடவ அது அரிசி களஞ்சுக்கிட்டு இருந்துச்சுன்னா?

குனிஞ்சு போயிரலாம்தேன். ஆனா குனியணும்னா நின்னு நெனைக்கணும்ல. நின்னுட்டேன்னா திரும்பிருவேன் பாய்.

கத்துறத நிப்பாட்டுற சுவிச்சா? அது எங்கையில வேணாம். அக்கா அடுப்படியில, எனக்கு எட்டாத உசரத்துல, அக்காவ விட்டே நேத்து ஆணி அடிக்கச் சொல்லிட்டேன்.