மூணு கிளாஸ் உள்ள வீடு

பாறசாலையில் நான் பஸ் ஏறியதும் முன்சீட்டு அக்கா பக்கத்திலிருந்த இளையவளிடம் சொன்னாள்: "வீட்டு ஜெபத்துக்குப் பதினாறு பேரு போனோம். லில்லி கதவே திறக்கல்ல. ஜெபம் பிடிக்காதவளாக்கும்னு முடிவு கட்டிட்டோம்."

"ஏன் திறக்கல்லன்னு அவகிட்ட கேட்டீங்களா?"

"நேத்துதான் கேட்டேன். மாப்பிள செத்த பெறவு அவ ஒத்தைக்கு. ஜெபம் முடிஞ்சா எல்லாருக்கும் சாயா கொடுக்கணும் இல்லியா? வீட்டுல மூணு கிளாஸ்தான் உண்டு. வாசல்ல நாங்க பாடின பாட்டெல்லாம் உள்ள ஒளிஞ்சிருந்து அவளும் பாடினாளாம்."

இளையவள் சிரித்தாள். "அப்ப இன்னைக்கு?"

"எத்தன பேரு வந்தா உனக்குப் பாடு, கஷ்டம் இல்லன்னு கேட்டேன். ரெண்டு பேருன்னு சொன்னா. நீயும் நானும்."

"போதகரு?"

"அவரு வந்தா லில்லி எதுல குடிப்பா மக்கா?"

நான் இறங்க வேண்டிய உதியன்குளங்கரை எப்போதோ போய்விட்டது. அமரவிளையில் அவர்கள் பின்னாலேயே இறங்கினேன். ஸ்டாப்பில் ஒரு பெண் காத்து நின்றாள். இருவரையும் பார்த்து மலர்ந்த முகம், என்னைக் கண்டதும் வாடிப்போனது.

"பேடிக்காதே லில்லி, பயப்படாதே," என்றாள் அக்கா. "அவங்க வேற ஆளாக்கும்."