பிரமிடுக்குப் பின்னால் பூசப்பட்ட கதவு

பணி நிறைவு பெறும் பேராசிரியர் சோல்வெய்க் ஹால்வர்சன் அவர்களுக்குக் குழந்தை வளர்ச்சி நிலையத்தார் சினத்தோடும் சிரிப்போடும் வாசித்தளிப்பது

சீற்றத்தின் செல்வியே! சிறார்க்காகச் சினந்த சிங்கமே! முகம் சுளிப்பதையே முரட்டுத்தனம் என்று எண்ணும் எங்கள் மினசோட்டாவில் முப்பது ஆண்டுகள் முகம் சிவக்கவே வாழ்ந்து காட்டிய முன்னோடியே! வணக்கம்.

பொதுவாக இத்தகைய மடல்களில் பொறுமையைப் போற்றுவார்கள். இந்த அம்மையாரிடம் அப்படியொன்று இருந்ததாகச் சாட்சி சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. இவர் கோபப்பட்டால் ஏரியில் உறைந்த பனி விரிசல் விடும். பக்கத்து மாவட்டத்துப் பசுக்கள் மூன்று நாள் பால் சுரக்காது. எங்கள் கோபமோ, "அது கொஞ்சம் வித்தியாசமா இருக்குங்க" என்ற ஒரு வரியோடு காப்பியில் கரைந்துவிடும். ஆகவே இன்று இவருடைய கோபத்தையே புகழ்கிறோம்.

மனிதரை உந்துவது எது என்று ஆராயும் இந்நிலையத்துக்கு, இயக்குநர் டாக்டர் மார்வின் ஓல்டக்கர் அவர்கள் சென்ற இலையுதிர்காலத்தில் ஓர் அலங்காரம் செய்தார். மழலையர் கூடத்துச் சுவரில் தரை முதல் கூரை வரை மனிதத் தேவைகளின் பிரமிடு. அடிப்படியில் உடலின் தேவைகள். மேலே பாதுகாப்பு, அன்பு, மதிப்பு. உச்சியில் தன்னை முழுதாக மலரச் செய்தல். படத்துக்குச் சுவர் போதவில்லை என்று, அதிலிருந்த ஒரு கதவை அடைத்துப் பூசினார்கள். அது மழலையரின் கழிவறைக் கதவு. 'உடலின் தேவைகள்' என்ற எழுத்துகள் மிகச் சரியாக அதன்மேல்தான் விழுந்தன. உலகம் தோன்றிய நாள்முதல் இதற்கு ஈடான கொத்து வேலை நடந்ததில்லை என்று எந்த நீதிமன்றத்திலும் சத்தியம் செய்வோம்.

அன்றுமுதல் நான்கு வயதுப் பிள்ளைகள் ஒன்றுக்குப் போக முற்றத்தைக் கடந்து அடுத்த கட்டடம் போகவேண்டும். ஜனவரிக் குளிரில் பஞ்சு உடுப்பு, பூட்ஸ், கையுறை, குல்லாய் எல்லாம் மாட்டி முடிப்பதற்குள் போகவேண்டிய வேலை உடுப்புக்குள்ளேயே முடிந்திருக்கும்.

அம்மையார் தனியாகச் சொன்னார். வாரக் கூட்டத்தில் சொன்னார். மேசையைத் தட்டிச் சொன்னார். டாக்டர் ஓல்டக்கர் கனிவோடு கேட்டுவிட்டு, இந்தக் கோபம் நான்காம் படியில், அதாவது மதிப்பில், நிறைவேறாத ஏதோ தேவையின் அடையாளம் என்று கண்டுபிடித்துச் சொன்னார். அப்போது ஓர் அறை விடலாமா என்று உள்ளங்கை அரித்ததாக இவர் பின்னர் ஒப்புக்கொண்டார்.

பிப்ரவரியில் வெளியூர் அறிஞர்கள் வந்தார்கள். பிள்ளைகளை மறைவிலிருந்து கவனிக்கும் ஒருவழிக் கண்ணாடிக்கு அப்பால் நான்கு வயதுச் சின்னஞ்சிறு பிரித்தா துண்டுப்படங்களைப் பொருத்திக்கொண்டிருந்தாள். பாதியில் முழங்கால்களை இறுக்கிக்கொண்டு எழுந்து, கூடத்துக்கு ஓடினாள். அந்தக் குளிர்காலம் முழுக்க எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் எழுந்து ஓடினார்கள். டாக்டர் அதை வைத்தே ஒரு கோட்பாடு கட்டியிருந்தார்.

"பாத்தீங்களா, பாதியிலேயே விட்டுட்டா. இந்த வயசுல உள்ளேருந்து வர்ற உந்துதல் இவ்வளவுதான்," என்று விருந்தினரிடம் குழைந்தார். "அடுத்த வளர்ச்சிக் கட்டம் வரட்டும்னு நாம காத்திருக்கணும்."

"மார்வின், அவளுக்கு உந்துதல் நிறையவே இருக்கு," என்றார் அம்மையார். "ஒண்ணுக்கு முட்டுது. போற வழியிலதான் நீங்க படம் வரைஞ்சு வச்சிருக்கீங்க."

"அது ஒரு சுவாரசியமான பார்வை, சோல்வெய்க்."

"பார்வை இல்ல, ஈரம். வந்து பாருங்க."

பிரமிடின் அடியில், முன்பு கதவு இருந்த இடத்தைக் கையால் தடவியபடி, நனைந்த காலுறையோடு நின்றுகொண்டிருந்தாள் பிரித்தா. தான் கெட்ட பிள்ளையா என்று கேட்டு விம்மினாள். அம்மையார் மண்டியிட்டு, அத்தனை அறிஞர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்: "நீ சரியாத்தான் இருக்கே, கண்ணு. செவுருதான் தப்பு."

அறிஞர்கள் தேநீரோடு வைத்த எலுமிச்சை கேக்கைப் பாராட்டினார்கள். சுவர் அப்படியே நின்றது. அந்த அம்மா ஓய்வு பெற்றால் இந்தப் பேச்சும் சேர்ந்து ஓய்ந்துவிடும் என்று டாக்டர் மின்தூக்கியில் ஒருவரிடம் சொன்னாராம். இரவெல்லாம் அம்மையாரை உறங்கவிடாமல் உறுத்தியது கேலி அல்ல, அந்தக் கணக்கு சரியாகிவிடுமோ என்ற பயம்தான்.

பெருமாட்டியே, பயம் வேண்டாம். தங்கள் கோபத்தைத் தலைக்கு ஒரு பங்காக எடுத்துக்கொண்டோம். இயக்குநர் அறையை ஒட்டி அவருக்கென்றே ஒரு கழிவறை உண்டு. வெந்நீர் வரும், கம்பளம் விரித்திருக்கும். சுவர் இடிபடும் நாள்வரை அது மழலையருக்கு. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டாக்டர் அவர்கள் இப்போது எழவேண்டாம். பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், பிரித்தா உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டாள், இன்னும் முடியவில்லையாம்.

தாங்கள் பல்லாண்டு நலமாக, நல்ல பசியோடும் நல்ல உறக்கத்தோடும், நாளுக்கு ஒருமுறையேனும் நன்றாகச் சினந்து வாழ்க!

இங்ஙனம்,
மழலையர் கூடப் பணியாளர் அனைவரும்

மடல் யாத்தவர்: ஆர்வித் ஸ்டெங்கெல், முன்னாள் பேராசிரியர், போன ஆண்டே ஓய்வு பெற்றவர், ஆகவே பணிநீக்கம் செய்ய இயலாதவர்