வாசனையில்லாத புகை

ஹலோ... ஹலோ, தம்பி, கடைக்குப் போய்ச் சேந்துட்டியா?... ம், ம்.

ஆமா, ஆமா, தப்புதான். தையல் மிஷின் எண்ணெயைத்தான் ஊத்தினேன்... எனக்கு என்னடா தெரியும்? அந்தக் குட்டி பொம்மை ரயில் எஞ்சினோட புகைக்குழாய்க்குள்ள உங்க அத்தான் ஏதோ சொட்டு விடுவாரு, ஓடும்போது புகை வரும். எண்ணெய்னா எண்ணெய்தானேன்னு நெனச்சுட்டேன். சுவிட்சைப் போட்டதும் ஒரே கருகல் நாத்தம். உடனே அணைச்சுட்டேன்.

...சிரிக்காத. பெரிய பொண்ணு அவரை ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டுக் கிளம்பிட்டா.

...பேசறதே இல்லடா. பார்வை இனிமே வராதுன்னு டாக்டர் கையை விரிச்சதுலேர்ந்து எல்லாத்துக்கும் தலையாட்டல்தான். நேத்துதான் வாயைத் திறந்தாரு. 'ரயில் மேசையை, தண்டவாளம் எஞ்சினோட வித்துடு'ன்னாரு. ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்கன்னேன். 'புகையோட ஓடுமா?'ன்னு கேட்டாரு. ஓடும்னு வாக்குக் கொடுத்துட்டேன்.

...எஞ்சினைக் கவுத்து வைக்கணுமா? இரு, போனைத் தோள்ல இடுக்கிக்கறேன்... ம், பஞ்சு வச்சு ஒத்தறேன்... வருது, வருது. உள்ள சூடாகுற கம்பி போயிருக்காதே? கடைக்காரர்கிட்ட நல்லாக் கேளு... அப்பாடா.

சரி, புகை ஆயில்ல என்னென்ன காட்டுறாரு?... நிலக்கரி வாசனை... விறகு... வாசனையே இல்லாதது. எதுன்னு எனக்கெப்படித் தெரியும்? பழைய புட்டியில எழுத்தெல்லாம் அழிஞ்சு கிடக்கு. இரு, மோந்து பாக்கறேன்... ஒண்ணுமே அடிக்கல.

...அத்தானைக் கடைக்காரருக்குத் தெரியுமா?... ம்... எப்பவும் வாசனையில்லாததுதானா. ஏனாம்?

...

...என்ன? திரும்பச் சொல்லு.

வாசனை பட்டா எனக்கு மூச்சு இழுப்பு வரும்னா சொன்னாரு?... என்கிட்ட அதுதான் மலிவுன்னாருடா. ஆசைக்கு வாங்குற சாமான்லயும் கஞ்சத்தனமான்னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிச் சிரிச்சிருக்கேன். அவரும் கூடச் சேந்து சிரிச்சாரு.

...வேணாம். அதை எடுக்காத... எடுக்காதன்னு சொல்றேன்ல. கண்ணு தெரியாதவருக்கு, வாசனையும் இல்லன்னா புகை எங்கடா இருக்கு? 'வருது, வருது'ன்னு நாம சொல்ல, அவரு நம்பணுமா? நாளைக்கே வித்துடுவாரு.

நிலக்கரியே எடு... ஆமா, ஆமா, இழுப்புதான். ஜன்னலோரம் நின்னுக்கறேன். மருந்து கையிலயே இருக்கு... கத்தாத. உனக்கு மூத்தவ நான்.

...லேசா அடிக்கறது வேணாம். அறை பூரா அடிக்கணும்.

...இரு. கார் சத்தம். வந்துட்டாங்க. நீ பில் போடச் சொல்லிட்டு ஓடி வா... வைக்காத, வைக்காத... பெரியவ கையைப் பிடிக்க வர்றா, இவரு உதறிட்டாரு. சுவரைத் தடவிட்டே வர்றாரு... நின்னுட்டாரு. மோந்து பாக்கறாரு.

வாங்க... ஒண்ணுமில்லங்க. தம்பிதான், போன்ல.

...டேய், கண்டுபிடிச்சுட்டாரு. 'புகைக்குழாய்ல மிஷின் எண்ணெயா ஊத்தின?'ன்னு கேக்கறாரு... ஆமான்னேன்... திட்டுறாருடா. நல்லாத் திட்டுறாரு. இத்தனை நாள் வாயே திறக்காத மனுஷன்... எஞ்சினைக் கொடுன்னு கையை நீட்டுறாரு. கொடுத்துட்டேன். விரலால தடவித் தடவிப் பாக்கறாரு.

...நீ என்ன வாங்கிட்டு வர்றேன்னு கேக்கறாரு. நீ எதுவும் வாயைத் திறக்காத, நான் சொல்லிக்கறேன்.

நிலக்கரி வாசனைங்க... ஆமா... எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்... இல்லங்க, வேற காரணம் ஒண்ணும் இல்ல. அதுதான் மலிவாம்.

...வைக்கறேன்டா.