பத்துக்கு ஆறு

கட்டான் என்ற பலகை விளையாட்டுக்கு நான் பத்துக்கு எட்டு போட்டேன். அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

எங்கள் தீவுச் சிற்றூரான விண்யார்டில், பவுல்ஸ் கிளப்பின் பின்னறையில் சனிக்கிழமை மதியங்களில் நாங்கள் நாலு பேர் கூடுவோம். ஆடி முடித்ததும் பெட்டி மூடியின் உட்புறத்தில் பென்சிலால் மதிப்பெண் எழுத வேண்டும், எத்தனை பேர் ஆடினால் நன்றாயிருக்கும் என்பதையும். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவள் நான்தான். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். மதிப்பெண் போடாமல் எதையும் ரசிக்கத் தெரியாது.

சதுரங்கத்துக்கு ஏழு. தோற்றால் பழி போட அதிர்ஷ்டம்கூடக் கிடையாது, அதுதான் அதன் அழகு. ஆனால் இருவர் ஆடுவதற்குள் மற்ற இருவர் பிஸ்கட்டைக் காலி செய்துவிடுகிறார்கள். பேண்டமிக்குக்கு எட்டரை. உலகமெல்லாம் நோய் பரவும், நாலு பேரும் சேர்ந்து தடுக்க வேண்டும். ஜெயித்தால் எல்லோரும், தோற்றாலும் எல்லோரும். கட்டானில் எதிராளியிடமே கெஞ்ச வேண்டும். ஆட்டு அட்டையைக் கொடுத்துச் செங்கல் அட்டை கேட்டு நான் ஒரு முறை கண் கலங்கியிருக்கிறேன். என் அப்பா நாற்பது வருடம் நிஜ ஆட்டுக்கு ரோமம் கத்தரித்தவர். மகள் படித்து இந்த உயரத்துக்கு வந்தாள்.

"ஏம்மா புரொபசர், ஒரு செங்கலுக்கா இந்த அழுகை? பட்டம் வாங்கினப்பகூட இப்படி அழுதிருக்க மாட்டே," என்றார் மெர்வ், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மருந்துக்கடை நோலீன் விழுந்து விழுந்து சிரித்தாள். பிரைடி மட்டும் சத்தமில்லாமல் தன் செங்கலை என் பக்கம் தள்ளினாள்.

பத்து எதற்கும் போட்டதில்லை. பத்து போடுகிறவர்களை நான் நம்புவதில்லை. பெரும்பாலும் அப்பன் காசில் படித்தவர்கள்.

பிரைடி பாலாடைக்கட்டித் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் எனக்குக் கீழே வேலை பார்க்கிறாள். அவள் மகள் டாலியா கடலுக்கு அந்தப் பக்கம், அடிலெய்டில், அப்பாவோடு இருக்கிறாள். பிரைடிக்கு அங்கே நிரந்தர வேலை கிடைத்தால் ஒன்பது வயதுப் பெண் அம்மாவோடு இருக்கலாம் என்று அவன் ஒப்புக்கொண்டிருந்தான். அப்படியொரு வேலை வந்தது. தன்னைப் பற்றி விசாரிக்க என் பெயரைக் கொடுத்தாள்.

மே மாதத்தில் அந்தக் கம்பெனியிலிருந்து ஒருவர் போனில் கூப்பிட்டார். நேரத்துக்கு வருவாளா, பொறுப்பானவளா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் முறையாகப் பதில் சொன்னேன். கடைசியில், மொத்தமாகப் பத்துக்கு எத்தனை போடுவீர்கள் என்றார். நான் மேசையை நினைத்துக்கொண்டேன். கட்டானுக்கு நாலு பேர். பேண்டமிக்குக்கு நாலு பேர். இந்த ஊரில் தோற்றாலும் முகம் சுளிக்காத இன்னொரு ஆளை எங்கே போய்ப் பிடிப்பது.

ஆறு என்றேன்.

எங்கள் கணக்கில் ஆறு மோசமில்லை. 'கூப்பிட்டால் ஆட வருவேன்' என்று அர்த்தம். அந்த விளக்கம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை. மரியாதைக்காக நானும் சொல்லவில்லை.

வேலை கிடைக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை பிரைடி காரிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே வந்து, தன் நீலக் காய்களை எடுத்து அடுக்கினாள்.

"டாலியாகிட்ட இந்த வருஷம் இல்லம்மான்னு சொல்லிட்டேன்," என்றாள். "அப்ப எந்த வருஷம்னு கேக்கறா."

நான் எழுந்து போய் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

"நீ மட்டும் இல்லேன்னா நான் உடைஞ்சே போயிருப்பேன்டி," என்றாள் பிரைடி.

அன்று ஆட்டம் அருமையாக இருந்தது. மூடியில் ஒன்பது எழுதினேன்.

நேர்மையாக மதிப்பெண் போட்டேன் என்றுதான் இத்தனை நேரமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒன்றை விட்டுவிட்டேன். போன வருடம் சோதனைக்கூடத்தில் கிளைவ் என்று ஒருவன் இருந்தான். பாலைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவான். ஐந்தாவது ஆளாக எங்கள் மேசையில் வந்து ஒட்டிக்கொண்டு விதிப்புத்தகத்தை உரக்க வாசிப்பான். டார்வின் நகரத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து அவனைப் பற்றி விசாரித்தபோது பத்து என்றேன். யோசிக்கக்கூட இல்லை. அவனுக்கு உடனே வேலை கிடைத்தது. ஆகவே வேலை கொடுக்கிறவர்களிடம் ஆறு என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

வியாழக்கிழமை அடிலெய்டிலிருந்து வேறொரு கம்பெனிக்காரர்கள் கூப்பிடுவார்கள். பிரைடி மறுபடியும் என் பெயரைத்தான் கொடுத்திருக்கிறாள். இரண்டு நாளாக யோசித்து முடிவு செய்துவிட்டேன். இந்த முறை ஆறரை. அவள் முன்னேறியிருக்கிறாள். அதை மறைக்க எனக்கு மனசு வரவில்லை.