வாரிசு இல்லாதவர்

இல்ல சார், நான் உக்கார மாட்டேன். டீயும் வேணாம். முதல்ல அந்த மைக்கக் கையில எடுங்க. வந்தவங்க எல்லாம் டீ குடிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க, இன்னும் கலையல. மைக்குல என்ன பேசுறதுன்னு கேக்குறீங்களா? நீங்க பேசினதத் திருத்தணும், அவ்வளவுதான்.

முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்குச் செயலாளர் நீங்க. இரங்கல் கூட்டம்னு ஊரக் கூட்டி, படத்துக்கு மாலை போட்டு, அவர வீரர், தீரர்னு வாய் நிறையப் புகழ்ந்தீங்க. சரி. கடைசியில என்ன சொன்னீங்க? குடும்பமோ வாரிசோ இல்லாத தனிக்கட்டைன்னு! முன் வரிசையில நான் கல்லு மாதிரி உக்காந்திருக்கேன் சார். என்னைப் பாத்துக்கிட்டே சொன்னீங்க.

தனிக்கட்டையா? எந்தத் தனிக்கட்டை சார் விடியக்காலையில எந்திரிச்சு ஒரு பொம்பளப்புள்ளைக்குத் தலை பின்னி விடும்? பூட்ஸ் லேஸக் கட்டுற மாதிரி இழுத்துக் கட்டுவாரு. சாயங்காலம் வரைக்கும் ஒரு முடி நகராது. எனக்குப் புருவமே மேல ஏறிக்கிடும். ஸ்கூல்ல எல்லாரும், ஏண்டி எந்நேரமும் ஆச்சரியமாப் பாக்குறேன்னு கேலி பண்ணுவாங்க. சிரிக்காதீங்க சார், நான் சிரிக்கிற நெலமையில இல்ல.

பட்டாளத்துல லாரி ஓட்டினவரு, வந்ததும் பஸ் டிப்போவுல மெக்கானிக்காச் சேந்தாரு. பட்டாளத்துல குண்டு வெடிச்சதுல இடது காது சுத்தமாப் போச்சு. அதனால வீட்டுல உப்பு வேணும்னு கேட்டாக்கூடத் தெருவே எட்டிப் பாக்கும். அந்த மனுசன், எங்கம்மா கையும் காலும் விழுந்து படுத்தப்ப, அவங்க முனகுனா மட்டும் அடுத்த ரூம்லருந்து ஓடியாருவாரு. எப்படிக் கேட்டுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. கிரீஸ் கறை போகக் கையத் தேய்ச்சுக் கழுவிட்டு, கஞ்சி ஊட்டி, வாயத் தொடைச்சு விடுவாரு. ஒரு நாள் மூஞ்சி சுளிச்சதில்ல.

கணக்கு சரியா வரலன்னு டீச்சர் என்னைக் கன்னத்துல அறைஞ்சாங்க. மறுநாள் டிப்போ காக்கி சட்டையோட வந்து கிளாஸ் வாசல்ல நின்னாரு. சண்டை போடல. எனக்கும் சேத்துச் சொல்லிக்குடுங்கம்மா, நான் வீட்டுல சொல்லிக்குடுக்கிறேன், அடிக்க மட்டும் செய்யாதீங்கன்னாரு. கடைசி பெஞ்சுல கால மடக்க முடியாம மடக்கி உக்காந்தாரு சார். அதுக்கப்புறம் அந்தம்மா யாரையும் தொடல.

அவரப் போயி யாருமத்தவர்னு சொல்ல உங்களுக்கு எப்படி நாக்கு வந்துச்சு? ஆஸ்பத்திரியில எட்டிப் பாத்தீங்களா? தோளு குடுத்தீங்களா? கொள்ளி வச்சது யாரு? நான். பொம்பள எதுக்குன்னு நாலு பேரு முணுமுணுத்தாங்க. கண்டுக்கவே இல்ல.

என்ன? அவருக்குக் கல்யாணமே ஆகலையேன்னு கேக்குறீங்களா? ஆகலதான். எங்கம்மாவக் கடைசி வரைக்கும் அண்ணின்னுதான் கூப்பிட்டாரு. ஊரு என்னென்னமோ பேசுச்சு, ரெண்டு பேரும் காதுலயே போட்டுக்கல.

என்னைப் பெத்தவரு இவரு கூட லாரியில போனவரு சார். திரும்பி வரல. தந்தி முன்னாடியே வந்துருச்சு. அவரோட இரும்புப் பெட்டியக் குடுத்துட்டு அடுத்த ரயிலப் பிடிக்கலாம்னுதான் இவரு எங்க வீட்டுக்கு வந்தாரு. பெட்டியத் திறந்து சட்டையப் பாத்த உடனே அம்மாவுக்கு வலி எடுத்துருச்சு. வீட்டுல வேற ஆளில்ல. இவருதான் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாரு.

நர்ஸ் துணியில சுத்தி என்னைத் தூக்கிட்டு வெளிய வந்து, குழந்தையோட அப்பா யாருன்னு கேட்டிருக்காங்க. இவரு ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்கிட்டாரு.