பின்னாடி இன்னும் ஒரு ஆள்

மாலை ஐந்தரை மணி. இலையுதிர்காலம்... ஐந்தரைக்கெல்லாம் பாதி இருட்டிவிடும். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வெறும் வயல். நடுவில் ஒரு மண்பாதை. ஓரிடத்தில் அது இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் போனால் ஒரு கிலோமீட்டரில் பஸ் நிறுத்தம். இடப்பக்கம் போனால் காடு... அப்புறமும் காடுதான். பிரிகிற இடத்தில் ஒரு வேலிக்கம்பம் நிற்கும். ஈ காக்காய் இருக்காது.

அந்த இடத்தில் நடந்தது இது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். எங்கள் அச்சகத்தில் பைண்டிங் பார்க்கிறாரே, அவருடைய கூடப்பிறந்த அக்காவுக்கு நடந்தது. அவர் கதை விடுகிற ஆள் இல்லை. இதைச் சொல்லி முடிப்பதற்குள் கையிலிருந்த தூரிகையில் பசை காய்ந்துபோனது... நான் பார்த்தேன்.

அந்த அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு இஸ்திரி போடுகிற வேலை. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால், கடைசி ஆள் வெளியே வருகிறவரை கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாராம். சாப்பாட்டு நேரம் போனாலும் நகர மாட்டார். "இருக்கேன், இருக்கேன், எங்கயும் போகல" என்பதுதான் அவர் வாயில் அதிகம் வருகிற வார்த்தை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஐந்து பேர் நடக்கப் போவார்கள். இவர்கள் இரண்டு பேர், ஒரு கணக்கு வாத்தியார், ஒரு பேக்கரிக்காரர், ஒரு நர்ஸ். வாத்தியார்தான் முன்னால் போவார். அவர் போட்டது இரண்டே சட்டம். நடக்கும்போது போனை அணைத்துவிட வேண்டும். பாதை பிரிகிற இடத்தில் எல்லாம் ஒருவர் நின்று, கடைசி ஆள் வருகிறவரை கைகாட்ட வேண்டும். கடைசி ஆள் வந்து "நான்தான் கடைசி" என்று சொன்ன பிறகுதான் நிற்கிறவர் கிளம்பலாம்.

அக்காதான் எப்போதும் கடைசி. மெதுவாக நடப்பாள், வேடிக்கை பார்ப்பாள். அதனால் அந்தக் கடைசிப் பிரிவில் நிற்பதை மெக்கானிக் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். எவ்வளவு நேரமானாலும் அசையாமல் நிற்பதால் அவருக்குக் "கம்பம்" என்று பட்டப்பெயர். அக்கா வந்து சேர்ந்ததும் இரண்டு பேருமாக அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டரை நடப்பார்கள். மற்ற மூவரும் முந்தின பஸ்ஸிலேயே போய்விடுவார்கள்... புதுசாகக் கல்யாணமான ஜோடி, தனியாக வரட்டும் என்று கிண்டல் செய்துகொண்டு. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். ஒருத்திக்குப் பகல் வேலை, ஒருத்தருக்கு ராத்திரி வேலை. சாவகாசமாகப் பேச அந்த ஒரு கிலோமீட்டர்தான் வாய்த்தது.

அன்றைக்கு அக்காவுக்குக் குதிகாலில் கொப்புளம். மழை வேறு பிடித்துக்கொண்டது. பின்தங்கிப்போனாள். அந்தப் பிரிவுக்கு முன்பே பாதையைக் குறுக்கே வெட்டும் தார்ரோட்டில் ஒரு பால்வண்டி வந்தது. "ஏறிக்கங்கக்கா, பஸ் ஸ்டாப்புல விட்டுடறேன்" என்றான் வண்டிக்காரன்.

ஏறிவிட்டாள். அவ்வளவுதான் தப்பு.

நிறுத்தத்தில் யாரும் இல்லை. மழையைப் பார்த்து அவரும் மற்றவர்களோடு பஸ் ஏறியிருப்பார் என்று நினைத்தாள். அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள். அவர் பேக்கரிக்காரர் வீட்டில் கேரம் ஆட உட்கார்ந்திருப்பார், வழக்கம்தானே. சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு சோபாவிலேயே கண்ணயர்ந்தாள். விழித்தபோது மணி நாலு. எதிர் நாற்காலி காலி. அப்போதுதான் உறைத்தது... நான்தான் கடைசி என்று அவரிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை.

வாத்தியார் காரை எடுத்தார், நர்ஸும் ஏறிக்கொண்டாள். போய்ச் சேரும்போது விடிந்துகொண்டிருந்தது. மனுஷன் கம்பத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். வலது கை வேலிக்கம்பியில் மாட்டி, நிறுத்தத்தின் பக்கம் நீட்டியபடி. நர்ஸ் தொட்டுப் பார்த்தாள். ராத்திரி முழுக்க மழையிலும் குளிரிலும் நின்று விறைத்துப்போயிருந்தார். அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு கிலோமீட்டர் நடந்திருந்தால் பிழைத்திருப்பார். ஊரே சொன்னது. அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

ஒரு வருஷம் போனது. அடுத்த இலையுதிர்காலத்தில் மறுபடி நடக்க ஆரம்பித்தார்கள். வேண்டாம் என்று எல்லாரும் தடுத்தும் அக்கா வந்தாள். கடைசியாகத்தான் நடப்பேன் என்றாள். அந்தப் பிரிவில் நிற்க இப்போது யாருக்கும் மனசு வரவில்லை. "எனக்கு வழி தெரியும், போங்க" என்று அனுப்பிவிட்டாள்.

பனி இறங்கியிருந்தது. காலடியில் ஈர இலை சளக் சளக்கென்றது. திடீரென்று... கிரீஸ் வாசனை. லிஃப்ட் கயிற்றுக்குப் போடுகிற கிரீஸ். கூடவே நனைந்த கம்பளியின் வாசனை.

அவர் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்குப் போட்டிருந்த அதே கம்பளிக் கோட்டு. நீட்டிய கை. மழையே இல்லை, ஆனால் கோட்டுக் கை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்... சொட்...

வழக்கம்போலக் கேட்டார். "நீதான் கடைசியா?"

அவளுக்குப் பயம் வரவில்லை. சத்தம் போட்டு அழ வேண்டும்போல இருந்தது. ஆமாம் என்று சொன்னால் போதும், கூட வந்துவிடுவார். ஒரு கிலோமீட்டர் வருவார். அதற்குப் பிறகு? நிறுத்தம் வந்துவிடும். பஸ் வெளிச்சம் வந்துவிடும். நடந்து முடித்துவிட்டால் இருக்கிற அந்த ஒரு கிலோமீட்டரும் போய்விடும்.

"இல்லைங்க" என்றாள். "பின்னாடி இன்னும் ஒரு ஆள் வருது."

"அப்படியா? சரி, நீ முன்னால போ. நான் கூட்டிட்டு வந்துடறேன்."

அடுத்த ஞாயிறும் நின்றார். அதற்கடுத்த ஞாயிறும். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, அதே பொய். நடுவில் நாலு வார்த்தை பேசிக்கொள்வாள். புது இஸ்திரி மிஷின் வந்தது, குழாய் ஒழுகுவது, தம்பி மகள் பரீட்சை. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது அக்கா முகம் அவ்வளவு தெளிவாக இருக்குமாம். பைண்டிங்காரர் அதைப் பார்த்து அக்கா தேறிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டிருக்கிறார், பாவம்.

ஆறாவது ஞாயிறு அவர் கையை அக்கா கவனித்தாள். நடுங்கியது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"குளிருதாங்க?"

"பரவால்ல. அந்த ஆள் வந்துடட்டும்."

அன்று ராத்திரி அவளால் படுக்க முடியவில்லை. ஒரு முறை தெரியாமல் நிற்க வைத்தாள். இப்போது தெரிந்தே நிற்க வைக்கிறாள். அவளுக்கே அவளைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஏழாவது ஞாயிறு, அங்கே போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகச் சொன்னாள். "நான்தான் கடைசி. வாங்க, போகலாம்."

அவர் கையை இறக்கவில்லை. அவளைத் தாண்டிப் பாதையைப் பார்த்தார்.

"பின்னாடி ஒரு ஆள் வருதுன்னு நீதானம்மா சொன்ன?"

"பொய்ங்க. நான் சொன்னது அத்தனையும் பொய். யாருமே இல்ல. நான் மட்டும்தான்."

அவர் சிரித்தார். குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி.

"நீ எங்கிட்ட பொய் சொல்ல மாட்ட. களைச்சுப் போயிட்ட, அதான். நீ போ... நான் இருக்கேன், எங்கயும் போகல."

கெஞ்சினாள். மண்ணில் விழுந்து கதறினாள். காலைப் பிடிக்கப் போனால் கையில் ஈர இலைதான் வந்தது. எட்டாவது ஞாயிறு, வெட்கத்தை விட்டு, முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு, சுற்றிப் போய்ப் பின்னாலிருந்து வந்தாள். நடையை மாற்றி, குரலை மாற்றி, "அந்தம்மா சொன்ன ஆள் நான்தாங்க, கிளம்புங்க" என்றாள். அவர் சால்வைக்குள் எட்டிப் பார்த்தார். "இந்தக் குளிர்ல என்னம்மா விளையாட்டு? போ, கால் வலிக்கும்" என்றார். அவளுடைய கொப்புளம் இன்னும் அவர் நினைவில் இருந்திருக்கிறது.

ஒன்பதாவது ஞாயிறு. காற்று இல்லை. மரத்தில் இலையும் இல்லை. அக்கா வந்து பார்த்தாள்.

கம்பம் மட்டும் நின்றது.

முதலில் நிம்மதியாக இருந்ததாம். விட்டுவிட்டுப் போய்விட்டார், குளிர் தீர்ந்தது என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அப்புறம்தான் கீழே பார்த்தாள். சேற்றில் அவருடைய பூட்ஸ் தடம், வலப்பக்கம் திரும்பி நிறுத்தத்தை நோக்கிப் போனது. அதை ஒட்டியே, தோளோடு தோள் உரசி நடந்தால் எப்படிப் பதியுமோ அப்படி... இன்னொரு தடம். செருப்பில்லாத கால்.

அந்தத் தடம் பின்னாலிருந்து வந்திருந்தது. அவள் வந்த அதே பாதையில்.

அந்த ஒரு கிலோமீட்டர் முழுக்க இரண்டு தடமும் பிரியவே இல்லை. நடுவில் ஓரிடத்தில் நின்றிருக்கிறார்கள், ஏதோ பேசிக்கொண்டிருந்த மாதிரி. மறுபடி நடந்திருக்கிறார்கள். தார்ரோடு வந்ததும் தடம் முடிந்துவிட்டது.

அக்கா நேராகத் தம்பி வீட்டுக்கு வந்தாள். காலில் செருப்பில்லை. முழங்கால் வரைக்கும் சேறு. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"போயிட்டாருடா. என் ஒரு கிலோமீட்டரை நடந்துட்டாரு. என்கூட நடக்கல."

"யார்கூடக்கா?"

அவள் சேறு படிந்த பாதத்தை மெல்ல முன்னால் நீட்டிக் காட்டினாளாம்.

"செருப்பக் கழட்டிட்டு அந்தத் தடத்துல வச்சுப் பார்த்தேன்டா... இந்தக் கால்தான். போன வருஷம் வந்த குதிகால் கொப்புளம்கூட பதிஞ்சிருக்கு."