ஈரப்பெட்டியில் ஊறிய அந்துப்பூச்சி

துணி வாங்கப் போனால் பழுப்பு நிறத்தை யாரும் முதலில் எடுப்பதில்லை. எனக்கு அதுதான் பிடிக்கும். அழுக்குத் தெரியாது.

நான் கண்டுபிடித்த அந்துப்பூச்சியும் பழுப்புதான் ஐயா. காய்ந்த இலை நிறம். சிறகை விரித்தால் கட்டைவிரல் நீளம், முன்சிறகில் இரண்டு வெளிறிய கோடுகள். மரப்பட்டையோடு ஒட்டிக்கிடந்தால் பறவையின் கண்ணுக்கும் தப்பிவிடும். அதன் புழுவைத் தொட்டால் குச்சி மாதிரி விறைத்து நிற்கும். இதையெல்லாம் முப்பது வருடம் முன்பு எழுதி, பூச்சிக்கு எங்கள் அம்மாவின் பெயரை வைத்தேன். அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து என்ன ஆகப்போகிறது, உயிரோடு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. என்னிடம் இருந்தது ஒரே ஒரு செத்த பூச்சி. மற்றதெல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று எழுதியது.

என் தம்பிக்கும் நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தில்தான் வேலை. கை சும்மா இருக்காது அவனுக்கு. காய்ந்த பூச்சியின் சிறகை விரிக்க, ஈரப்பெட்டியில் ஊறவைப்போம். போன மாதம் ஒரு பச்சை அந்துப்பூச்சியை அதில் மூன்று நாள் கூடுதலாக விட்டு எடுத்துக் காட்டினான். பழுப்பு. இரண்டு வெளிறிய கோடுகள்.

"அண்ணே, உன் பூச்சி பழுப்பே இல்லண்ணே. எல்லாருக்கும் தெரிஞ்ச பச்சைப் பூச்சி, ஈரத்துல நிறம் போயிருக்கு. அம்மா பேரை எடுத்துடணும்."

"எடுத்துடலாம்டா," என்றேன். வெட்கமாக இருந்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

சனிக்கிழமை மதியம் எல்லோரும் போனபின், பூச்சிப் பெட்டிகளை வண்டு அரிக்காமலிருக்க, அவை இருக்கும் அறையைப் பூட்டி விஷப்புகை விடுவது என் வேலை. அம்மா பெயரை எடுக்கச் சொல்லி எழுதிய அறிக்கையோடு அனுப்புவதற்காக என் பழைய பூச்சியை உள்ளே தேடிக்கொண்டிருந்தான் தம்பி. பூட்டினேன். வெளியே இருக்கும் குழாயைத் திருகினேன்.

"அண்ணே, நான் உள்ள இருக்கேன்."

"இருடா, சாவி எடுத்துட்டு வர்றேன்."

சாவி கையில்தான் இருந்தது. நான் சொன்னதை நம்பி, கொஞ்ச நேரம் அவன் தட்டவே இல்லை. பிறகு தட்டினான். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அவன் எழுதிய அறிக்கையை நான் கிழிக்கவில்லை ஐயா. பச்சை என்று இருந்த இடத்திலெல்லாம் பழுப்பு என்று திருத்தி, பூச்சிக்கு அம்மா பெயரே நிற்கும்படி செய்து, அவன் பெயரிலேயே அச்சுக்கு அனுப்பினேன். கூடப்பிறந்தவனுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?